எல்லையோரத்துப் பெரியவர்களுக்கு அரசு மருத்துவக் காப்பீடு: எங்கிருந்து தொடங்குவது?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று நீளும் ஊர்களில் ஒரே குடும்பம் இரண்டு மாநிலத்தில் வாழ்வது சாதாரண விஷயம். அப்பாவும் அம்மாவும் இங்கே தோப்பு வீட்டில், மகள் பொள்ளாச்சியில், மகன் கோவையில். ரேஷன் கார்டு கேரளத்தில், நம்பிப் போகும் டாக்டர் கோயம்புத்தூரில். உடம்பு நன்றாக இருக்கும்வரை இதில் ஒரு சிக்கலும் இல்லை. பெரியவருக்கு ஆஞ்சியோ பண்ண வேண்டும் என்று சொன்ன பிறகுதான் "எந்தக் கார்டைக் கொண்டுபோவது, எந்த ஆஸ்பத்திரியில் அது செல்லும்?" என்று வீடு முழுக்கப் பேச்சு எழும். அந்த நேரத்தில் கிடைக்கும் பதிலில் பாதி தப்பாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்தது நமக்கும் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். அவருடைய கார்டு வேறு, நம்முடையது வேறு.

அரசுத் திட்டங்களின் பெயரை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மூன்று கேள்விக்குப் பதில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். பெரியவர் முன்பு எங்கே வேலை பார்த்தார்? அவர் பெயர் எந்த மாநில ரேஷன் கார்டில் இருக்கிறது? ஆதாரில் அவருக்கு என்ன வயது? சில திட்டங்கள் பழைய வேலையைத் தொடர்ந்து வரும், சில ரேஷன் கார்டைத் தொடர்ந்து வரும், ஒன்று வயதை மட்டும் பார்க்கும். கேள்விகளை இதே வரிசையில் கேட்பது நல்லது. பலர் நேராக மூன்றாவதில் தொடங்கி, கையில் ஏற்கெனவே இருக்கும் நல்ல திட்டத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் பழைய வேலையைப் பாருங்கள்

மத்திய அரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்கு சி.ஜி.எச்.எஸ். என்ற மத்திய அரசின் மருத்துவத் திட்டம் உண்டு. பத்து வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் ஆயுளுக்கும் கார்டு கிடைக்கும். அதன் மையம் எட்டாத ஊரில் இருப்பவர்கள் மாதம் 1,000 ரூபாய் மருத்துவப் படி வாங்கிக்கொண்டு இருப்பதும் உண்டு. அப்படி வாங்குகிறவர்கள், படி போதுமா அல்லது கார்டு எடுப்பது நல்லதா என்று ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் பார்க்கலாம். எழுபதைத் தாண்டியவருக்குப் பெரும்பாலும் கார்டுதான் லாபம்.

ராணுவத்தில் இருந்தவர்களுக்கு 2003-இல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். என்ற மருத்துவத் திட்டம் இருக்கிறது. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்களுக்கு ரயில்வேயின் சொந்த மருத்துவத் திட்டம். ஒலவக்கோட்டில் டிவிஷன் ஆபீஸ் இருப்பதால் இந்தப் பக்கம் ரயில்வே குடும்பங்கள் நிறைய. கேரள அரசுப் பென்ஷன்காரர்களுக்கு 2022 ஜூலை 1 முதல் மெடிசெப் என்ற காப்பீடு. தமிழ்நாட்டு அரசுப் பென்ஷன்காரர்களுக்கு அந்த அரசின் புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். கடைசி இரண்டுக்கும் பென்ஷனில் மாதாமாதம் பணம் பிடிப்பார்கள். பென்ஷன் சீட்டை எடுத்துப் பார்த்தாலே பெரியவருக்குக் காப்பீடு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் வாத்தியாராக இருந்துவிட்டு இந்தப் பக்கம் வீடு கட்டிக் குடியேறியவருக்குத் தமிழ்நாட்டுப் பென்ஷன்காரர் காப்பீடுதான். வீடு கேரளத்தில் இருப்பதால் அது மாறாது. அவர் பார்க்க வேண்டியது எந்தெந்த ஆஸ்பத்திரி அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறது என்பதைத்தான். கணவன் அல்லது மனைவியின் பெயர் சேர்த்திருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். விட்டுப்போன பெயரை அட்மிஷன் போடும் அன்று சேர்க்க முடியாது.

இனி, யாரும் சொல்லாத ஒன்று. கஞ்சிக்கோடு தொழிற்சாலைகளிலும் கோவை மில்களிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு இ.எஸ்.ஐ. முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். முடியவில்லை. குறைந்தது ஐந்து வருடம் இ.எஸ்.ஐ.யில் இருந்து, ஓய்வு வயது வந்து வேலையை விட்டவர், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் மனைவிக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியைத் தொடரலாம். மாதக் கணக்கில் பத்தே ரூபாய். பழைய இ.எஸ்.ஐ. நம்பர், ஓய்வு பெற்றதற்கான கம்பெனிக் கடிதம், ஆதார் ஆகியவற்றோடு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போக வேண்டும். பழைய மில் மூடிப்போயிருந்தால் கடிதம் வாங்குவது கொஞ்சம் அலைச்சல்தான். ஆனால் புறநோயாளி சிகிச்சையும் மாத்திரையும் கூடக் கிடைக்கும் திட்டம் இது. அலையலாம்.

எஸ்டேட் தொழிலாளிகள் கதை வேறு. மூணாறு, பீர்மேடு பக்கத்துத் தோட்டங்களில் வேலையில் இருக்கும்வரை எஸ்டேட் ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும். ஓய்வு பெற்று லயத்தை, அதாவது எஸ்டேட் கொடுத்த வீட்டை, காலி செய்து தென்காசி, சங்கரன்கோவில் பக்கம் திரும்புகிறவர்கள் இரண்டாவது கேள்விக்கு நேராகப் போக வேண்டியதுதான்.

ரேஷன் கார்டு எந்த மாநிலம்?

வேலை வழியாக எதுவும் இல்லாத பெரியவர்களே அதிகம். விவசாயக் கூலி, சிறு தோப்பு, பெட்டிக்கடை, தையல். அவர்களுக்கு வழி ரேஷன் கார்டில்தான் தொடங்குகிறது.

கேரளக் கார்டு என்றால் பார்க்க வேண்டியது காருண்ய ஆரோக்ய சுரக்ஷா பத்ததி, சுருக்கமாகக் காஸ்ப். 2019 ஏப்ரலில் தொடங்கியது. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு சேர்த்து நடத்தப்படுகிறது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை, ஆஸ்பத்திரியில் தங்கிச் செய்யும் சிகிச்சைக்குக் காசு கட்ட வேண்டாம். குடும்பத்தில் எத்தனை பேர், என்ன வயது என்ற வரம்பு கிடையாது. ஏற்கெனவே சர்க்கரை, இதயநோய் இருந்தாலும் முதல் நாளில் இருந்தே பொருந்தும்.

ஏழைக் குடும்பங்களுக்குக் கேரளத்தில் கொடுக்கும் மஞ்சள் ரேஷன் கார்டோ பிங்க் கார்டோ இருந்தாலே காஸ்ப் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை எங்கள் பக்கம் பரவலாக இருக்கிறது. அப்படி இல்லை. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் தகுதி பெற்ற குடும்பங்களும், முன்பிருந்த ஆர்.எஸ்.பி.ஒய்., சிஸ் என்ற அரசுக் காப்பீட்டுத் திட்டங்களின் கார்டுகளை 2018-19 வரை உயிரோடு வைத்திருந்த குடும்பங்களும்தான் பட்டியலில் வந்தன. பிங்க் கார்டு இருந்தும் பட்டியலில் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். ஆகவே நிறத்தைப் பார்த்து முடிவு கட்டாமல், ரேஷன் கார்டையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு காஸ்ப் பட்டியலில் உள்ள ஏதாவது அரசு ஆஸ்பத்திரியின் கவுண்ட்டரில் போய்ப் பெயரைத் தேடச் சொல்லுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு இதுதான் வேலை. வீட்டில் ஒருவருக்குக் கார்டு இருந்து பெரியவருக்கு மட்டும் இல்லை என்றால், ரேஷன் கார்டில் பெயர் இருப்பதைக் காட்டிச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

பட்டியலில் இல்லையா? அதோடு கதவு மூடிவிடவில்லை. காஸ்ப் இல்லாத, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குக் குறைவான குடும்பங்களுக்குக் காருண்யா பெனவலன்ட் ஃபண்ட் என்ற அரசு உதவி நிதி இருக்கிறது. குடும்பத்துக்கு 2 லட்சம் வரை, சிறுநீரக நோய்க்கு 3 லட்சம் வரை. இது வருடா வருடம் புதுப்பிக்கப்படும் தொகை கிடையாது, ஒரு குடும்பத்துக்கு மொத்தமே அவ்வளவுதான். அதனால் சின்னச் சிகிச்சைக்கு இதைத் தொடாமல் வைத்திருப்பது புத்திசாலித்தனம். வில்லேஜ் ஆபீஸில் வாங்கும் வருமானச் சான்றிதழ் இதற்குத் தேவைப்படும். அக்ஷயா என்ற கேரள அரசின் இணையச் சேவை மையத்தில் விண்ணப்பித்து முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

தமிழ்நாட்டுக் கார்டு என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். கலைஞர் காப்பீடு என்று 2009-இல் தொடங்கியது 2012-இல் இந்தப் பெயருக்கு வந்தது. 2018-இல் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. இங்கேயும் வருடம் 5 லட்சம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் சேரலாம். வருமானச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்கு நேரில் போக வேண்டும். பொள்ளாச்சியில் இருப்பவருக்கு அது கோவை கலெக்டர் ஆபீஸ். புகைப்படமும் கைரேகையும் அங்கேதான் எடுப்பார்கள் என்பதால் நடக்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே பெரியவரைக் கூட்டிப்போய் முடித்துவிடுவது நல்லது.

பெயரை மகள் கார்டுக்கு மாற்றலாமா?

இந்தக் கேள்வி இல்லாத எல்லையோர வீடு இல்லை. "அம்மாவை எங்க கார்டுல சேத்துக்கறோம், கோயமுத்தூர்லயே எல்லாம் பாத்துக்கலாம்" என்று மகளோ மருமகனோ சொல்வார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் பெயரை வெட்டுவதற்கு முன் ஒரு கணக்கு இருக்கிறது.

இரண்டு மாநிலத்திலும் ஒரே நேரத்தில் கார்டில் பெயர் வைத்துக்கொள்ள முடியாது. கேரளத்தில் நீக்கிச் சான்று வாங்கிய பிறகுதான் தமிழ்நாட்டில் சேர்ப்பார்கள். குடியிருப்பு மாறினால் அதோடு கேரள அரசு முதியோர் போன்றவர்களுக்குத் தரும் க்ஷேம பென்ஷனும் போகும். 2025 நவம்பரில் இருந்து அது மாதம் 2,000 ரூபாய். தமிழ்நாட்டு முதியோர் உதவித்தொகை 1,200. அதுவும் மகள் வீட்டோடு சேர்ந்து வாழும் அம்மாவுக்குக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அதோடு, மகள் வீட்டு வருமானம் 1,20,000-க்கு மேல் என்றால் முதலமைச்சர் காப்பீடும் இல்லை. அப்படியானால் பெயரை மாற்றி என்ன பயன்? பென்ஷனும் போய், காஸ்ப்பும் போய், கைக்கு ஒன்றும் வராமல் நிற்கும் நிலைதான்.

அம்மா பொள்ளாச்சியில் சில மாதம் தங்குவதற்காக மட்டும் என்றால் கார்டை மாற்றவே வேண்டாம். மஞ்சள், பிங்க் கார்டுக்காரர்கள் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' வழியாகத் தமிழ்நாட்டுக் கடையிலேயே கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். நிரந்தரமாகக் குடிபெயர்கிறவர்கள், அதாவது எஸ்டேட்டை விட்டு ஊர் திரும்புகிறவர்கள் போன்றவர்கள், மாற்றித்தான் ஆக வேண்டும். அவர்களும் நடுவில் காப்பீடு இல்லாத மாதங்கள் வரும் என்பதைக் கணக்கில் வைத்து, தள்ளிப்போடக்கூடிய கண் ஆபரேஷன் போன்றவற்றைப் பழைய கார்டு இருக்கும்போதே முடித்துக்கொள்ளலாம். என் கருத்தைக் கேட்டால், காஸ்ப் இருக்கும் பெரியவரின் பெயரைக் காப்பீட்டுக்காக மட்டும் மாற்றுவது பத்துக்கு ஒன்பது வீடுகளில் நஷ்டம்தான்.

ஆதாரைச் சரிபார்க்கும் வேலை

திட்டம் எதுவாக இருந்தாலும் கம்ப்யூட்டர் நம்புவது ஆதாரைத்தான். இங்கே மூன்று இடத்தில் சிக்கும்.

வயதில் சிக்குவதுதான் மிகப் பெரிது. ஆதார் எடுத்த காலத்தில் பெரியவர்கள் பலர் பிறந்த தேதியைக் குத்துமதிப்பாகச் சொன்னார்கள், எழுதியவரும் குத்துமதிப்பாகப் போட்டார். "பெரிய வெள்ளம் வந்த வருசம் பொறந்தேன்" என்று சொல்லும் பாட்டிக்கு ஆதாரில் 66 வயது இருக்கும். கூட விளையாடிய தங்கைக்கு 71 இருக்கும்! எழுபது வயதுத் திட்டத்துக்கு ஆதார் வயதைத்தான் பார்ப்பார்கள், முகத்தை அல்ல. பிறந்த தேதியை ஆதாரில் திருத்தலாம், ஆனால் ஒரே ஒரு முறைதான். ஆகவே சரியான ஆவணம் கையில் வந்த பிறகே மையத்துக்குப் போங்கள். பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட், பழைய பென்ஷன் உத்தரவு போன்றவற்றைப் பெட்டியில் தேடிப் பாருங்கள். தமிழ் மீடியம் ஸ்கூலில் நாலாவது வரை படித்தவர் என்றால் அந்தப் பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருக்க வாய்ப்பு உண்டு. போய்க் கேளுங்கள்.

அடுத்தது பெயர். ரேஷன் கார்டு மலையாளத்தில், வோட்டர் ஐடி ஒரு மாதிரி, ஆதார் வேறு மாதிரி. கருப்பாத்தாள் ஓர் இடத்தில் கருப்பாத்தா, இன்னோர் இடத்தில் இனிஷியலோடு, மற்றோர் இடத்தில் கணவர் பெயரோடு. ஓர் எழுத்து மாறினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முழுப் பெயரே வேறு மாதிரி இருந்தால் ஆஸ்பத்திரியில் ஒப்புதல் தள்ளிப்போகும். எல்லாவற்றையும் ஆதாரில் இருப்பதற்கு ஏற்ப மாற்றுவதே சுலபம்.

கடைசியாக மொபைல் நம்பர். ஆதாரோடு இணைத்த நம்பர் எது என்று பல வீட்டில் தெரியாது. பேரன் காலேஜ் படித்தபோது வைத்திருந்த சிம்மாக இருக்கும், இப்போது அது வேறு யாரிடமோ இருக்கும். தோட்டத்து வேலை பார்த்த கைகளில் ரேகை தேய்ந்து மெஷினில் பதியாமல் போவதும் சகஜம். ஓ.டி.பி.யும் வராமல், ரேகையும் பதியாமல் போனால் கண்ணின் கருவிழியையோ முகத்தையோ வைத்துச் சரிபார்க்கும் வசதி உண்டு. ஆயுஷ்மான் ஆப்பில் முக அடையாளம் இருக்கிறது. க்ஷேம பென்ஷன் மஸ்டரிங்குக்காக, அதாவது உயிரோடு இருப்பதைப் பதிவு செய்வதற்காக, அக்ஷயாவுக்குப் போகும்போதே மொபைல் நம்பர் வேலையையும் சேர்த்து முடித்துக்கொண்டால் இன்னொரு முறை ஆட்டோ வைக்க வேண்டாம்.

எழுபது வயதுக்காரர்களின் கார்டு

2024 அக்டோபர் 29 முதல் ஆயுஷ்மான் பாரத் திட்டம் எழுபது வயதைத் தொட்ட எல்லோருக்கும் விரிந்தது. கார்டின் பெயர் ஆயுஷ்மான் வய வந்தனா. வருமானம் எவ்வளவு என்றோ ரேஷன் கார்டு என்ன நிறம் என்றோ கேள்வியே இல்லை. தேவையான ஆவணம் ஆதார் மட்டும். நாற்பது ஏக்கர் தோப்பு வைத்திருப்பவரும் எடுக்கலாம்.

குடும்பத்தில் ஏற்கெனவே ஆயுஷ்மான் காப்பீடு இருந்தால், அந்த 5 லட்சத்துக்கு மேல் எழுபது தாண்டியவர்களுக்கென்று மட்டும் தனியாக இன்னொரு 5 லட்சம். இல்லாத குடும்பத்தில், எழுபது தாண்டியவர்களுக்கு மட்டும் 5 லட்சம். ஒரே வீட்டில் தாத்தா பாட்டி இரண்டு பேரும் எழுபது தாண்டியிருந்தால் அந்தத் தொகையை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆளுக்கு ஐந்து என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

தனியார் கம்பெனி இன்ஷூரன்ஸ் இருப்பவர்களும் இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களும் இதை எடுக்கலாம். சி.ஜி.எச்.எஸ்., இ.சி.எச்.எஸ். போன்ற மத்திய அரசுத் திட்டத்தில் இருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்கள் அவசரப்பட வேண்டாம். பழைய திட்டத்தில் டாக்டரைப் பார்ப்பதும் மாத்திரையும் சேர்ந்திருக்கும், வய வந்தனாவில் அவை இல்லை. புதுக் கார்டு என்ற ஆசையில் நல்லதை விட்டுவிடக் கூடாது.

கார்டு எடுக்க ஆயுஷ்மான் ஆப் போதும். ஸ்மார்ட்போன் பழகிய பேத்தி இருந்தால் வீட்டிலேயே பத்து நிமிட வேலை. இல்லையென்றால் திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரிக்கோ அக்ஷயாவுக்கோ போகலாம். கார்டுக்கென்று அரசு எந்தப் பணமும் வாங்குவதில்லை. வீடு தேடி வந்து "ஐந்நூறு கொடுங்க, நாளைக்குக் கார்டு" என்பவரிடம் ஆதார் நம்பரையும் ஓ.டி.பி.யையும் கொடுத்தால் கார்டு வருமோ வராதோ, பேங்க் பணம் போகலாம்.

ஒன்றைக் கறாராகச் சொல்ல வேண்டும். கார்டு கையில் இருப்பது ஒன்று, ஆஸ்பத்திரி அதை ஏற்பது வேறு. இந்தத் திட்டத்தின் செலவை மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகிதத்தில் ஏற்க வேண்டும். எல்லா மாநிலங்களிலும் இது ஒரே வேகத்தில் நடைமுறைக்கு வரவில்லை. கேரளத்தில் கார்டு எடுத்த பிறகு, ஆஸ்பத்திரியில் போய் நின்றால் "இது இன்னும் எங்களுக்கு வரலை" என்று கேட்டுத் திரும்பியவர்கள் உண்டு. அதனால் கார்டை எடுத்து வையுங்கள், நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் அதை மட்டும் நம்பி ஆபரேஷனுக்குத் தேதி வாங்காதீர்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போகப் போகிறீர்களோ அங்கேயே, கார்டு நம்பரைக் கொடுத்து, "எழுபது வயது வய வந்தனா கார்டில் இந்தச் சிகிச்சைக்கு இப்போது ஒப்புதல் கிடைக்குமா?" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். "ஆயுஷ்மான் எடுக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்டால் "ஆமாம்" என்றுதான் பதில் வரும், அது வேறு கார்டைப் பற்றியதாக இருக்கும்.

எல்லை தாண்டிய ஆஸ்பத்திரி

கொழிஞ்சாம்பாறையில் இருந்து கோவைக்குப் போகும் பஸ்ஸில் காலை நேரத்தில் ஏறினால் கையில் ஸ்கேன் கவரோடு நாலு பேராவது இருப்பார்கள். டாக்டரிடம் தமிழில் பேசலாம், சொந்தக்காரர் வீட்டில் தங்கலாம், சாப்பாடும் பழகியது. இதை எந்தக் கவுண்ட்டரும் மாற்ற முடியாது. கேள்வி என்னவென்றால் கேரளக் கார்டு அங்கே செல்லுமா?

ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் உள்ளவர் வேறு மாநிலத்திலும் இணைந்த ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறலாம் என்பது திட்டத்தின் விதி. ஆனால் காஸ்ப் குடும்பங்கள் எல்லாம் ஒரே வழியில் பட்டியலுக்கு வந்தவை அல்ல. சில மத்தியப் பட்டியலில் இருந்தவை, சில மாநிலம் தன் செலவில் சேர்த்தவை. அதனால் அடுத்தடுத்த வீட்டில் இருக்கும் இரண்டு காஸ்ப் கார்டில் ஒன்று கோவையில் திறக்கும், இன்னொன்று திறக்காது. அங்கே இருக்கும் காப்பீட்டு கவுண்ட்டரில் கார்டு நம்பரைப் போட்டுப் பெயர் வருகிறதா என்று பார்ப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை. முன்னதாகவே ஒரு ஆள் ஜெராக்ஸோடு போய்க் கேட்டுவிட்டு வரலாம். நோயாளியைக் கூட்டிப்போக வேண்டியதில்லை.

அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருந்தாலும், உங்களுக்கு வேண்டிய பிரிவு திட்டத்தில் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். இதயப் பிரிவுக்கு மட்டும் இணைந்திருக்கும் ஆஸ்பத்திரி எலும்பு ஆபரேஷனுக்குப் பணம் கேட்கும், அதில் தப்பும் இல்லை. சில சிகிச்சைகளை அரசு ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஒதுக்கியிருப்பார்கள். மூட்டு மாற்று ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோவையில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் பாலக்காடு மாவட்ட ஆஸ்பத்திரியும் திருச்சூர் மெடிக்கல் காலேஜும் இருக்கின்றன. மலையாளம் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவரோடு போகிறவர், டிஸ்சார்ஜ் சம்மரியை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டால் பிறகு எந்தப் பக்கம் காட்டவும் வசதி.

அட்மிஷன் அன்று

நேராக வார்டுக்குப் போகாமல் முதலில் காப்பீட்டு கவுண்ட்டருக்குப் போங்கள். கார்டு, ஆதார், ரேஷன் கார்டு ஆகியவற்றின் அசலும் நகலும், டாக்டர் எழுதிக் கொடுத்த அட்மிஷன் சீட்டும் வேண்டும். கவுண்ட்டரில் இருப்பவர் விவரங்களை ஏற்றி முன் ஒப்புதல் கேட்பார். அது வந்த பிறகே திட்டமிட்ட ஆபரேஷன் நடக்கும். அவசரச் சிகிச்சை என்றால் காத்திருக்க மாட்டார்கள், சிகிச்சையைத் தொடங்கிவிட்டே ஒப்புதல் கேட்பார்கள்.

ஒப்புதல் கிடைத்த சிகிச்சைக்குப் படுக்கை, மருந்து, பரிசோதனை, சாப்பாடு எல்லாம் பேக்கேஜில் அடக்கம். அட்மிஷனுக்கு முந்தைய மூன்று நாள் பரிசோதனையும், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய பதினைந்து நாள் மருந்தும் அதில் சேரும். இந்தப் பதினைந்து நாள் மருந்தைப் பலர் கேட்டு வாங்குவதே இல்லை. வெளிக்கடையில் சீட்டைக் கொடுத்துப் பணம் கட்டி வாங்கிவிட்டு, அப்புறம் தெரிந்து வருத்தப்படுவார்கள். டிஸ்சார்ஜ் அன்று கவுண்ட்டரிலேயே கேளுங்கள்.

தனியார் ஆஸ்பத்திரியில் "இந்த ஸ்டென்ட் பேக்கேஜில் வராது, நல்ல கம்பெனி வேண்டுமென்றால் தனியாகக் கட்டணும்" என்று சொல்வதுண்டு. தெரிந்த ஒரு குடும்பம் அப்படி நகையை அடகு வைத்துக் கட்டியது. பணம் கேட்டால் சண்டை போட வேண்டாம், எதற்கு எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தாலே விஷயம் புரிந்துவிடும். அங்கிருந்தபடியே 14555-க்கு அடித்துப் புகார் பதிவு செய்யலாம். கேரளத்தில் திஷா என்ற உதவி எண் 1056, தமிழ்நாட்டுக் காப்பீட்டுக்கு 1800 425 3993. புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டிய பில் ஒவ்வொன்றையும் பத்திரமாக வையுங்கள், பில் இல்லாத புகார் நகராது.

காப்பீடு எட்டாத செலவுகள்

வயதானவர்களின் மருத்துவச் செலவில் பெரும்பகுதி ஆஸ்பத்திரியில் படுப்பதால் வருவதில்லை. மாதாமாதம் வாங்கும் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை என்றுதான் பணம் கரையும். ஆயுஷ்மான் வகைத் திட்டம் எதுவும் இதைத் தொடாது. டயாலிசிஸ், கீமோ போன்று ஒரே நாளில் முடியும் சில சிகிச்சைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. கேரளத்தில் குடும்ப ஆரோக்கிய மையத்தில் பதிந்துகொண்டால் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கிடைக்கும். நகராட்சி எல்லைக்குள் இருக்கும் 65 வயது தாண்டியவர்களுக்கு வயோமித்ரம் மொபைல் கிளினிக் வருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பஞ்சாயத்து வழியாகப் பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கு வருவார். ஆஷா பணியாளரிடம் சொல்லிவைத்தால் போதும். தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் பெரியவர்களுக்கு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கே மாத்திரையைக் கொண்டுவருகிறது. வெளியே வாங்கியே ஆக வேண்டிய மருந்துக்கு ஜன் ஔஷதி கடையிலோ காருண்யா பார்மஸியிலோ விலை கேட்டுவிட்டு வாங்குங்கள். டாக்டர் கம்பெனிப் பெயர் எழுதியிருந்தால் மருந்தின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

சாலை விபத்து தனிக் கணக்கு. பொள்ளாச்சி ரோட்டில், தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அதில் இணைந்த ஆஸ்பத்திரிகளில் பணம் கேட்கக் கூடாது. 2025 மே முதல் மத்திய அரசின் திட்டமும் சேர்ந்திருக்கிறது. நாட்டில் எங்கே சாலை விபத்து நடந்தாலும் ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை. இரண்டுக்கும் காஸ்ப் கார்டோ வருமானச் சான்றிதழோ தேவையில்லை. ஆனால் விபத்து என்று போலீஸுக்குத் தகவல் போயிருக்க வேண்டும், "கேஸ் எதுக்கு, விடுங்க" என்று சமாதானம் பேசி அனுப்பிவிட்டால் பிறகு கேட்க முடியாது.